கண்ணாடி என்னுடையது, மூடி அவருடையது

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொன்ன டாக்டர், தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். வருவதைச் சாப்பிடுகிறேன் என்றார் இவர். எங்கிருந்து வருகிறது என்றார் டாக்டர். பக்கத்து வீட்டிலிருந்து என்றார் இவர். டாக்டர் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதிலைப் போடுவதற்கு அதில் கட்டம் எதுவும் இல்லை போலிருக்கிறது.

அங்கிருந்து வராத நாட்களில் என்ன செய்வீர்கள் என்று அடுத்துக் கேட்டார். அந்த வீட்டுக்குப் போவதில் மிச்சம் இருக்கும், அதைச் சாப்பிடுவேன் என்றார்.

இவருக்கு சாப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவார், சொன்னதை மாற்ற மாட்டார். நான் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சமைக்கிறது யார் என்று எந்த நாட்டு டாக்டருக்கும் உடனே தெரிந்துவிடுகிறது.

வண்டி ஃப்ரீவேயில் ஏறுவதற்கு முன்னால் இவர் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "அந்தப் பாத்திரத்த நிறுத்தணும்மா."

பாத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீமான்ட்டில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த மறுநாள், பெட்டிகள்கூடப் பிரிக்காத நேரத்தில், யாரோ கதவைத் தட்டினார்கள். அழைப்பு மணி இருக்கிறது, அதை அழுத்தவில்லை, தட்டினார்கள். திறந்தால் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற சட்டை போட்ட ஒரு பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம், கையில் நீல மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீடு என்றார். டெக்சாஸில் சான் அன்டோனியோவில் பிறந்து வளர்ந்தவர், அம்மா அப்பா மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, பாத்திரத்துக்குள் இருந்தது மெல்லிய சோள ரொட்டியில் பூரணம் சுருட்டிக் குழம்பு ஊற்றின எஞ்சிலாடா என்பதும், அதை எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் ஓவனில் வைக்க வேண்டும் என்பதும்தான். சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். உள்ளே வாருங்கள் என்றேன். இல்லையில்லை, கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றார்.

எஞ்சிலாடா நன்றாக இருந்தது. அவரை மரியாதைக்கு அக்கா என்று கூப்பிடட்டுமா என்று நான் கேட்டதும், எங்கள் ஊரில் எதற்கு அந்த வார்த்தை என்று விளக்கியதும், எனக்கு இதற்கு முன்னால் யாரும் பட்டம் கொடுத்ததில்லை என்று சொல்லி அவர் ஒப்புக்கொண்டதும் பின்னால் நடந்தவை. அக்கா என்றே எழுதுகிறேன். அவர் பேசினது எல்லாம் இங்கிலீஷ். எனக்குள் அது தமிழாகத்தான் இறங்கும், இறங்கினபடியே எழுதுகிறேன்.

பாத்திரத்தைக் கழுவித் துடைத்து மேடை மேல் வைத்தேன். இனி அதைத் திருப்பித் தர வேண்டும். இன்னொரு வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தர எனக்குக் கை வராது. எங்கள் ஊர் கோபி பக்கத்தில் யார் வீட்டிலும் அது கிடையாது. ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கைச் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். புதுத் தெரு, புது ஆள், சர்க்கரை போட்டால் என்னவென்று நினைப்பாரோ என்று அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கினேன். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு சீரகம், மேலே ஒரு கரண்டி நெய். பாத்திரம் நிறையப் போட்டு மூடி, அவர் வீட்டு வாசலில் நின்று எப்படிச் சூடு பண்ண வேண்டும் என்று விளக்கிவிட்டு வந்தேன். அவரும் உள்ளே வரச் சொன்னார். நானும் இல்லையில்லை என்றேன். போன் பண்ணாமல் ஒரு வீட்டுக்குள் போகக் கூடாது என்று இந்த ஊருக்கு வந்த புதிதில் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை ஒரு சட்டம் மாதிரி வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் பாத்திரம் திரும்பி வந்தது. நிறைந்து வந்தது. அரிசியும் பருப்பும் எப்படி இருந்தது என்று கேட்டேன். யாரோ ரொம்பத் தூரம் போய்விட்டு வீடு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது என்றார். ஆட்கள் இப்படி எதையாவது சொன்னால் எனக்கு மறக்காது. பி.காம். தபாலில் படித்தவள் நான், படித்ததில் ஒரு வரி நினைவில்லை. இங்கிலீஷ் முழுக்க வாசற்படிகளிலும் கடையில் பில் போடும் வரிசைகளிலும் கற்றது. யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அப்படியே நிற்கும்.

மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. இப்போது காலேஜுக்கு அப்ளை பண்ணிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு காலமும் அந்தப் பாத்திரம் நின்றதில்லை.

அந்த ஓட்டத்தில் எங்கள் சமையல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தது. டிசம்பரில் அக்கா தமாலே கொண்டுவந்தார். மக்காச்சோள மாவைப் பிசைந்து உள்ளே பூரணம் வைத்து, கதிரின் மேல்தோலில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. பிரித்துப் பார்த்ததும் இது நம்ம கொழுக்கட்டை, சட்டை மாற்றிப் போட்டிருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். அடுத்த விநாயகர் சதுர்த்திக்கு அதே மாவில் கொழுக்கட்டை பிடித்தேன். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. பஜ்ஜி மிளகாய்க்கு அண்ணன் மாதிரி ஒரு பெரிய மிளகாய் இங்கே கிடைக்கும், அதைத் தீயில் சுட்டுத் தோல் உரித்துத் துவையல் அரைக்கிறேன். ஒப்புட்டு ஒருமுறை கொடுத்தனுப்பினேன். கடலைப்பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிய இனிப்பு. அக்கா அதை ரகசியம் வைத்திருக்கிற டார்ட்டியா என்றார், டார்ட்டியா அவர்கள் வீட்டுச் சப்பாத்தி.

எல்லாவற்றிலும் பெரியது மோலே. காய்ந்த மிளகாயில் நாலைந்து வகை, எள், வேர்க்கடலை, பட்டை, சாக்லேட் எல்லாம் வறுத்து அரைத்துச் சுண்ட வைத்த குழம்பு. கறுப்பாக, கெட்டியாக இருக்கும். சாக்லேட் போட்ட குழம்பு என்றதும் இவர் கையை எடுத்துக்கொண்டார். நான் எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகையைப் பிழிந்து, இதை அதில் ஊற்றிக் கொடுத்தேன். எள்ளுப்பொடியும் வெல்லமும் போட்டுச் சந்தகை தின்று வளர்ந்த மனிதர், மூன்றாவது வாயில் நிமிர்ந்து பார்த்து, "இவங்களுக்கு எள்ளு போடச் சொல்லிக் குடுத்தது யாருங்க" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஒருவேளை இது அளவு மீறிப் போகிறதோ என்ற எண்ணம் எனக்கு இரண்டாம் வருஷமே வந்தது. அக்கா ஒவ்வொரு தடவையும் அவசரமில்லை, பாத்திரம் உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லுவார். அதை நான் மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேள் என்று அர்த்தம். நானும் அவரிடம் அதையே சொல்லிப் பார்த்தேன், அவசரமில்லை, உங்களிடமே இருக்கட்டும் என்று. பாத்திரம் இன்னும் சீக்கிரமாகத் திரும்பி வந்தது.

ஒரு யோசனை பண்ணினேன். பாத்திரத்தால்தானே இவ்வளவும், தூக்கி எறிகிற அலுமினியத் தாள் தட்டில் கொடுத்தால் திருப்பித் தர ஒன்றும் இருக்காது. வெண் பொங்கலை அப்படி ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அந்தத் தட்டு கழுவி, நசுங்கின ஓரங்களை விரலால் நீவிச் சரிசெய்து, உள்ளே மிளகாய் போட்ட பீன்ஸோடு திரும்பி வந்தது. தூக்கி எறிகிற தட்டைக் கழுவி வைக்கிற பெண்பிள்ளை அந்தத் தெருவில் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே வருஷம்தான் கண்ணாடி உடைந்ததும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனுக்குள் வைத்தேன், உள்ளே பட்டென்று ஒரு சத்தம். அக்காவிடம் போய்ச் சொன்னேன். பாத்திரம்தானே என்றார். நான் அதே அளவில் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்தேன். மூடி உடையவில்லை, பழைய நீல மூடி புதுக் கண்ணாடிக்கும் பொருந்தியது. அன்றிலிருந்து கண்ணாடி என்னுடையது, மூடி அவருடையது. இந்தப் பாத்திரம் யாருடையது என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் பதில் கிடையாது. ஆகவே அது யார் வீட்டிலும் நிம்மதியாக உட்கார முடியாது.

இப்போது டாக்டருக்குப் பிந்தைய கதைக்கு வருகிறேன்.

அன்று சாயங்காலம் நியூ ஜெர்சியில் இருக்கிற என் நாத்தனாருக்குப் போன் போட்டேன். இவருடைய கூடப் பிறந்த அக்கா. எடிசனில் மகன் வீட்டில் இருக்கிறார். தம்பிக்குச் சர்க்கரை என்றதும் முதலில் என்னைத்தான் திட்டுவார் என்று தெரியும், திட்டினார். பிறகு பாத்திரக் கதையை முழுசாகக் கேட்டார்.

"நிறுத்திப்போடு கண்ணு. அவனுக்கு ஒடம்புதான் முக்கியம்."

"செரிங்க அண்ணி."

"ஆனா காலியாக் குடுத்துப்போடாத."

"அப்பறம் எப்படிங்க அண்ணி நிறுத்தறது?"

"அத நீ யோசிச்சுக்க. நான் பேத்திய டேகேர்ல இருந்து கூட்டிட்டு வரப் போகோணும்" என்று வைத்துவிட்டார்.

யோசித்தேன். சமைப்பதை நிறுத்த எனக்குக் கஷ்டம் இல்லை. எங்கள் தெருவில் எல்லோரும் காரில் இருந்தபடியே ரிமோட்டை அழுத்தி கராஜ் கதவைத் திறப்பார்கள், உள்ளே போவார்கள், கதவு இறங்கிவிடும். எதிர் வீட்டுக்காரர்களை நான் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கால் இருக்கிறதா என்று தெரியாது. தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, பிறந்தநாள் பார்ட்டி, கொலு எல்லாம் உண்டு, ஆனால் எல்லாம் வாட்ஸப்பில் நாள் குறித்து வருகிறவை. போன் பண்ணாமல், நாள் குறிக்காமல், கதவைக் கையால் தட்டி என்னைக் கூப்பிடுகிற ஒரே ஆள் இந்த அக்கா. அவர் தட்டுவது பாத்திரத்துக்காக. பாத்திரம் நின்றால் தட்டுவதும் நின்றுவிடும். ஒரு பக்கம் இவருடைய சர்க்கரை, இன்னொரு பக்கம் அந்தத் தட்டுகிற சத்தம். இவரிடம் இதைச் சொன்னால் டாக்டரிடமே சொல்லிவிடுவார் என்பதால் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் மகளிடம்தான் பேச்சு வந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள், இருவருக்கும் அது பழகிவிட்டது. ஸ்கூலில் ஸ்பானிஷ் எடுத்திருந்ததால் பரீட்சைக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய்ப் பேசிப் பழகுவாள். அங்கே உள்ளே போய் உட்காருகிற உரிமை எங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும் இருந்தது. பாத்திரத்தை எப்படி நிறுத்துவது என்று நான் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாள், அந்த ஆன்ட்டிக்கும் நிறுத்த ஆசைதான், அவருக்கு பிளட் பிரஷர் இருக்கிறது, ஆனால் தட்டைக் காலியாகத் திருப்பித் தந்தால் அவருடைய அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார், அதனால்தான் தந்துகொண்டிருக்கிறார், நீ நிறுத்துவாய் என்று காத்துக்கொண்டிருக்கிறார் என்று.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். இவரும் வைத்தார்.

"உனக்கு இது எப்பக் கண்ணு தெரியும்?"

"நைன்த் கிரேட்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் தோளைக் குலுக்கினாள். "த ஃபுட் வாஸ் குட்."

இவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன். எங்களுக்குப் பிரஷர் வராதது அவள் கொடுத்து வைத்தது.

பாத்திரம் அப்போது எங்கள் வீட்டில் இருந்தது. சனிக்கிழமை காலையில் கழுவித் துடைத்து, மூடி போட்டு, காலியாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அது எடையே இல்லாமல் இருந்தது. எங்கள் டிரைவ்வே முடிகிற இடம் வரை போயிருப்பேன். காலிப் பாத்திரம் ஏந்திக்கொண்டு ஒரு வீட்டு வாசலுக்குப் போகிறவள், ஏதோ கேட்கப் போகிறவள் மாதிரி இருப்பாள் என்று தோன்றியது. எதிர் வீட்டில் கராஜ் வேறு திறந்தது. திரும்பி வந்துவிட்டேன். இவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மறந்துட்டியா?"

"ஆமாங்க."

"எத?"

பின்பக்கம் போனேன். தொட்டியில் வைத்திருக்கிற கறிவேப்பிலைச் செடியில் ஆறேழு கொத்து ஒடித்துப் பாத்திரத்தில் போட்டேன். கறிவேப்பிலை சாப்பாடு இல்லை. சாப்பிடுகிறபோது எடுத்து ஓரமாக வைக்கிறதை யாரும் சாப்பாடு என்று சொல்ல முடியாது. அதே சமயம் காலியும் இல்லை. என் நாத்தனார் கேட்டாலும் பதில் இருந்தது.

அக்கா மூடியைத் திறந்து இலையைப் பார்த்தார். அதன் அடியில் ஏதாவது இருக்கிறதா என்று விலக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன். பிறகு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் பேசினோம். அவருக்கு உப்பு ஆகாதாம், என் ஊறுகாயை மூன்று வருஷமாகப் பயந்து பயந்து சாப்பிடுகிறாராம். உன் ஊறுகாய் பேசுகிறபோது நான் எதிர்த்துப் பேசுவதில்லை என்றார். இவருக்கு அரிசி ஆகாது என்று நான் சொன்னேன். நீ நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன் என்றார். இலையோடு நிறுத்திக்கொள்வோம் என்றேன். இரண்டு நாட்டுத் தலைவர்கள் மாதிரி கை குலுக்கிக்கொண்டோம். இல்லையில்லை, கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் உள்ளே கூப்பிடவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம் யாரும் கதவைத் தட்டவில்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. பெரிய சட்டி எதுவும் இறக்கவில்லை. இரண்டாம் வாரத்தில் அமேசான்காரன் பெட்டியை வாசலில் போட்ட சத்தத்துக்குக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அதன் பிறகு ஓடுவதைக் குறைத்துக்கொண்டேன். அக்காவின் மஞ்சள் பஸ் தெருமுனையில் திரும்புவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவரும் கை காட்டுவார், நானும் காட்டுவேன், பஸ் போய்விடும். எதிர் வீட்டுக்காரர்கள் வரிசையில் அவரும் சேர்ந்துவிட்டார், கண்ணாடிக்குப் பின்னால்.

இவருக்குச் சர்க்கரை இறங்கியது. டாக்டர் மகிழ்ச்சியாக இருந்தார். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். பக்கத்து வீட்டை என்றார் இவர்.

ஒருநாள் இவரே கேட்டார், மோலே செய்கிற மாதம் தாண்டிவிட்டதா என்று. தாண்டிவிட்டது என்றேன். "செரி, கேட்டேன்" என்றார். அவர் அதற்கு மேல் ஏக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் ஒரு வியாழக்கிழமை. கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் அடிக்கடி வைக்கிறதுதான். கொள்ளை வேகவைத்து, அந்தத் தண்ணீரை இறுத்து ரசம், கொள்ளை வெங்காயம் சீரகம் போட்டுக் கடைந்து பருப்பு. உடம்புக்கு நல்லது, பார்க்க ஒன்றும் இருக்காது. சேறு மாதிரி ஒரு நிறம். சாதத்துக்குப் பதில் சப்பாத்தி. இவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அமேசான்காரன் தட்டுவதில்லை.

அக்கா நின்றிருந்தார், பஸ் சட்டையோடு, கையில் பாத்திரத்தோடு. நீட்டினார். வாங்கினேன். எடையே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். சுத்தமாகக் கழுவித் துடைத்த வெறும் கண்ணாடி.

ஒப்பந்தம் நான் போட்டதுதான், அவர் அதை மீறவில்லை. ஆனால் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், இனி அவருக்கு இங்கே வர வேலை இல்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இலையைப் பீன்ஸில் போட்டேன், தீர்ந்துவிட்டது என்றார். பாத்திரத்தில் போட என்ன இருக்கிறது என்று தினம் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தாராம். எதை எடுத்தாலும் ஒன்று அவருக்கு ஆகாதது, இல்லாவிட்டால் இவருக்கு ஆகாதது. கடைசியில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பினாராம்.

சொல்லி முடித்துவிட்டார். வழக்கமாக அதற்கப்புறம் ஓவன் சூடு, எத்தனை நிமிஷம், மூடி போட்டா போடாமலா என்று ஒரு விளக்கம் வரும். அது முடிந்ததும் அவர் படி இறங்குவார். இன்றைக்கு விளக்க ஒன்றும் இல்லை. அவர் நின்றார். நானும் நின்றேன். உள்ளே இவர் ரசம் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அக்கா மூக்கைத் தூக்கி மோந்தார். "இது என்ன வாசனை மிஹா?" மிஹா என்றால் அவர்கள் பாஷையில் மகளே மாதிரி.

"ஒண்ணுமில்லக்கா. நாங்க சாப்பிடுறது."

"இத நீ எனக்குக் குடுத்ததே இல்லயே."

"இது யாருக்கும் குடுக்கறது இல்லக்கா. வீட்டுக்குள்ள சாப்பிடுறது."

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றி, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் உள்ளே வாருங்கள் என்று சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இவர் எழுந்து நின்றார். வலது கை முழுக்கக் கொள்ளு. கை குலுக்குவதா கும்பிடுவதா என்று தெரியாமல் கையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார், ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி. உட்காருங்கள், ஆறிவிடும் என்றார் அக்கா. உட்கார்ந்தார்.

தட்டு வைத்தேன். ஸ்பூன் வைத்தேன். அக்கா இவர் கையைப் பார்த்துவிட்டு ஸ்பூனை ஓரமாகத் தள்ளினார். சப்பாத்தியை எடுத்து, நடுவில் கொள்ளுப் பருப்பை வைத்து, பச்சை வெங்காயம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கித் தூவி, எலுமிச்சை இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பிழிந்து, மடித்துக் கடித்தார். கொள்ளுக்கு யாராவது எலுமிச்சை பிழிவார்களா என்று நான் மனசுக்குள் நினைத்தேன். இவர் அந்தப் பாதி எலுமிச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி எடுத்துத் தன் தட்டிலும் பிழிந்துகொண்டார். இன்றைக்கு எங்கள் வீட்டில் எலுமிச்சை இல்லாவிட்டால் கொள்ளு வைப்பதில்லை.

உப்பு கம்மி என்றார் அக்கா. இவருக்காக நான் எல்லாவற்றிலும் குறைத்திருந்தேன். நல்லது, எனக்கும் அதுதான் வேண்டும் என்றார். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இது தேவாலயத்துக்குப் போயிட்டு வந்த பீன்ஸ்." மறுநாள் அதை நாத்தனாரிடம் சொன்னேன். ரசத்துக்கு இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அக்கா வீட்டிலும் அப்படி ஒன்று இருந்ததாம். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்பில் ஏற்றுகிற மைசூர்ப் பருப்பு சூப். தக்காளி, பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய், வேறொன்றும் கிடையாது. அதைப் பாத்திரத்தில் போட்டுக் கொண்டுவர அவருக்கும் ஒருநாளும் தோன்றவில்லையாம். இதைப் போய் ஒருத்தருக்குக் கொடுப்பார்களா என்றார். இத்தனை வருஷம் நான் விருந்தை அனுப்பினேன், அவரும் விருந்தையே அனுப்பினார். பொங்கலும் தீபாவளியும் கிறிஸ்துமஸும் வாராவாரம் டிரைவ்வேயைத் தாண்டின. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் ஒருத்தர் என்ன சாப்பிடுகிறார் என்பது இன்னொருத்தருக்குத் தெரியாமலே இருந்தது.

மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து மூன்று பேரையும் பார்த்தாள். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளைப் பற்றி அக்கா பேசினார். பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயப்படலாம், நான் ஓட்டுவதைப் பார்த்துப் பயப்படக் கூடாது, அவ்வளவுதான் என் கொள்கை என்றார். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. போகிறபோது வாசலில் ஷூ போட்டுக்கொண்டே, செவ்வாய்க்கிழமை சூப் இருக்கும் என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தால் மேடை மேல் பாத்திரம் இருந்தது. பக்கத்திலேயே நீல மூடி.

"இப்ப யாரு மொறைங்க?" என்றார் இவர்.

எனக்கும் தெரியவில்லை. காலியாக வந்த பாத்திரத்துக்கு என்ன முறை என்று எங்கள் ஊரிலும் யாரும் சொல்லித் தரவில்லை. நாத்தனாரைக் கேட்கலாமென்றால், அவர் என்ன சொல்வார் என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா பஸ்ஸை விட்டுவிட்டு வீடு திரும்பின கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கிளம்பினேன். போன் பண்ணவில்லை. வெறும் கையோடு போவதாகத்தான் முடிவு பண்ணியிருந்தேன். வாசல் வரை போய்விட்டேன். கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன, அவற்றை என்ன செய்வதென்றே தெரியவில்லை. திரும்பி வந்து மேடையைப் பார்த்தேன். கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு மூடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூடியில் எதையும் போட்டு நிரப்ப முடியாது. தவிர, அது அவருடையதுதான்.

போய்க் கதவைத் தட்டினேன்.